போட்டோவில் பதிவாகும் நேரம் எந்த ஊர் நேரம்? ஆல்பத்தில் தொடங்கி நீதிமன்றம் வரை நீளும் ஒரு சிக்கல்

2004 டிசம்பர் 26. சுமத்ரா கடலோரத்தில் அந்தப் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டபோது அங்கே மணி காலை 7.58. இலங்கையில் 6.58. சென்னையில் 6.28. மூன்றும் ஒரே கணம்தான். அந்தக் கணத்தில் மூன்று இடங்களிலும் ஆளுக்கொரு டிஜிட்டல் கேமராவில் கடலைப் படம் எடுத்திருந்தால், மூன்று ஃபைல்களிலும் மூன்று வேறு நேரங்கள் பதிவாகியிருக்கும். எது எந்த ஊர் நேரம் என்று எந்த ஃபைலிலும் இருக்காது. மூன்றையும் ஒரே கம்ப்யூட்டரில் போட்டு நேரப்படி அடுக்கினால் சென்னைப் படம் முதலில் வரும், சுமத்ராப் படம் ஒன்றரை மணி நேரம் கழித்து வரும். ஏதோ நிலநடுக்கம் சென்னையில் ஆரம்பித்து சுமத்ராவுக்குப் போனது மாதிரி!

இருபது வருடத்துக்கு முந்தைய கேமரா கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. இன்று விபத்து, வெள்ளம், கைது, வருகைப்பதிவு என எல்லாவற்றுக்கும் போட்டோதான் சாட்சி. '100 நாள் வேலை'த் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல், நாளுக்கு இரண்டு முறை நேரமும் இடமும் பதிந்த போட்டோ எடுத்து வருகையைப் பதிவது கட்டாயமாக்கப்பட்டது. கூலியே போட்டோவை நம்பி இருக்கும் காலம் இது. அதனால் அந்த நேரம் எங்கிருந்து வருகிறது, எப்போது தப்பாகும் என்று தெரிந்துகொள்வது அவசியம்.

போட்டோவுக்குள் என்ன எழுதியிருக்கிறது?

ஒவ்வொரு டிஜிட்டல் போட்டோவுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு குறிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். எந்த கேமரா, என்ன லென்ஸ், எந்தத் தேதி, எத்தனை மணி என்பதெல்லாம் அதில் இருக்கும். இதைத்தான் மெட்டாடேட்டா என்கிறோம். போட்டோக்களில் இதை எழுதப் பயன்படும் முறைக்கு 'எக்ஸிஃப்' என்று பெயர். 1995இல் ஜப்பானிய மின்னணுத் துறை அமைப்பு ஒன்று உருவாக்கியது.

அந்த முறையில் நேரத்துக்கான கட்டம் எளிமையானது. வருடம், மாதம், நாள், மணி, நிமிடம், நொடி. அவ்வளவுதான். எந்த ஊர் மணி என்று எழுத அதில் இடமே இல்லை. அந்தக் காலத்து கேமராவுக்கு இன்டர்நெட் கிடையாது, ஜிபிஎஸ் கிடையாது. உரிமையாளர் செட் செய்து வைத்த கடிகாரத்தைப் பார்த்து அப்படியே எழுதிக்கொள்ளும். அதாவது, எக்ஸிஃபில் இருப்பது ஒரு கடிகார முகம் மட்டும்தான். அந்தக் கடிகாரம் எந்த ஊர்ச் சுவரில் மாட்டியிருந்தது என்பது நமக்குத் தெரியாது.

இந்தக் குறையைச் சரிசெய்ய 21 வருடம் ஆனது. 2016இல் வந்த எக்ஸிஃப் 2.31 பதிப்பில்தான் உலகப் பொது நேரமான யூடிசியிலிருந்து எத்தனை மணி வித்தியாசம் என்று எழுத தனிக் கட்டம் சேர்க்கப்பட்டது. இந்தியா என்றால் '+05:30'. இன்றைய ஸ்மார்ட்போன்கள் பெரும்பாலும் இதை நிரப்பிவிடுகின்றன. ஆனால் 2016க்கு முன் எடுத்த கோடிக்கணக்கான படங்களில் அந்தக் கட்டமே இல்லை. இன்றும் பயன்பாட்டில் இருக்கும் பழைய கேமராக்கள் பல அதை எழுதுவதில்லை.

நம்ம 'அரை மணி' படும் பாடு

இந்தக் குழப்பத்தில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கூடுதல் பங்கு உண்டு. நம் நேரம் யூடிசியிலிருந்து ஐந்தரை மணி முன்னால். உலகின் பெரும்பாலான நாடுகளுக்கு இந்த வித்தியாசம் முழு மணிக் கணக்கில்தான் வரும். 2016க்கு முன்பே, 'டிஃப் இபி' என்ற இன்னொரு பட ஃபைல் தரத்தில் நேர வித்தியாசத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. அது முழு எண்ணை மட்டுமே ஏற்கும். ஐந்து எழுதலாம், ஆறு எழுதலாம். ஐந்தரை எழுத வழியில்லை! ஐந்தே முக்கால் மணி முன்னால் இருக்கும் நேபாளத்துக்கும், ஆறரை மணி முன்னால் இருக்கும் மியான்மருக்கும் அதே கதி.

இலங்கையின் கதை இன்னும் சிக்கலானது. இன்று கொழும்புக்கும் சென்னைக்கும் ஒரே நேரம். ஆனால் 1996 மே மாதம், மின்சாரத் தட்டுப்பாடு நிலவிய காலத்தில், இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தியது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி பின்னால் இழுத்து, யூடிசிக்கு ஆறு மணி முன்னால் என்று நிறுத்தியது. 2006 ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டையொட்டித்தான் மறுபடியும் ஐந்தரைக்குத் திரும்பியது. சுனாமி நேரத்தில் இலங்கை நம்மைவிட அரை மணி முன்னால் இருந்தது இதனால்தான்.

அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய ஐந்தரை மணிக் கணக்கே தொடர்ந்தது. ஒரே தீவுக்குள் இரண்டு நேரங்கள். ஆக, 2004இல் இலங்கையில் எடுத்த ஒரு படத்தில் 'காலை 9.00' என்று இருந்தால், அது கொழும்பு நேரமா, கிளிநொச்சி நேரமா? இன்றைய மென்பொருள் ஒன்று இலங்கைக்கு ஐந்தரை என்று போட்டுக் கணக்கிட்டால், கொழும்புக் கடிகாரத்தில் எடுத்த படம் அரை மணி தப்பாகும். கொழும்பின் பழைய மாற்றங்களை நினைவில் வைத்திருக்கும் நல்ல மென்பொருளாக இருந்தால், கிளிநொச்சிக் கடிகாரத்தில் எடுத்த படம் தப்பாகும். அந்த ஆண்டுகளின் படங்களில் சுனாமியும் இருக்கிறது, போரும் இருக்கிறது. யார் எப்போது எங்கே இருந்தார்கள் என்று அவற்றை வைத்துத் தேடுபவருக்கு அரை மணி என்பது சின்ன விஷயம் இல்லை.

ஒரு கல்யாணம், நாலு கடிகாரம்

வீட்டளவில் இது எப்படித் தெரியும் என்று பார்ப்போம். மதுரையில் ஒரு கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு. மறுநாள் விடிகாலை 4.50க்குத் தாலி கட்டுகிறார்கள். அந்தக் கணத்தை நாலு பேர் பிடிக்கிறார்கள்.

அத்தையின் போனில் எடுத்த போட்டோ: 4.50 என்றே பதிவாகிறது. சரி.

ஸ்டூடியோக்காரரின் கேமரா: பேட்டரி தீர்ந்து செட்டிங்ஸ் போய், ஜப்பான் நேரத்தில் நிற்கிறது. பதிவு: 8.20.

சிங்கப்பூரிலிருந்து வந்த மாமாவின் கேமரா: ஊர் வந்த பிறகும் அவர் மணியை மாற்றவில்லை. பதிவு: 7.20.

தம்பியின் போனில் எடுத்த வீடியோ: இங்கேதான் வேடிக்கை. எம்பி4 வீடியோக்களின் விதி போட்டோவின் விதி இல்லை. வீடியோவில் நேரத்தை யூடிசியில் எழுத வேண்டும் என்பது தரம். விடிகாலை 4.50 என்பது யூடிசியில் முதல் நாள் இரவு 11.20.

நாலையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, யூடிசியை மாற்றிக் காட்டத் தெரியாத ஒரு மென்பொருளில் திறந்தால், தாலி கட்டும் வீடியோ வரவேற்பு முடிந்த கையோடு வந்து நிற்கும். ஸ்டூடியோக்காரர் எடுத்த தாலி போட்டோ, காலைப் பந்தியெல்லாம் முடிந்த பிறகு வரும். 'என்னப்பா, சாப்பிட்டுட்டு வந்தா தாலி கட்டினாங்க?' என்று யாராவது கேட்பார்கள்.

இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. சில கேமராக்கள் வீடியோவிலும் யூடிசிக்குப் பதில் உள்ளூர் நேரத்தையே எழுதிவிடும். அதைப் பார்க்கும் ஆப், 'யூடிசிதானே' என்று நம்பி ஐந்தரை மணியைக் கூட்டும். தாலி கட்டியது காலை 10.20 ஆகிவிடும். ஃபைல் பெயரை நம்பலாமா என்றால், அதுவும் போனுக்குப் போன் மாறுகிறது. பல ஆண்ட்ராய்டு போன்கள் பெயரில் உள்ளூர் நேரத்தை வைக்கும். கூகுள் பிக்சல் போன்களில் 'பிஎக்ஸ்எல்' என்று தொடங்கும் பெயரில் இருப்பது யூடிசி நேரம்.

ஒன்றைக் கவனியுங்கள். நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை இந்தியாவில் நடக்கும் எதற்கும் யூடிசியில் தேதியே வேறு. அதாவது, முந்தைய நாள். ஆல்பத்தில் இது சிரிப்பு. வேறு இடத்தில் அப்படி இல்லை.

தேதி மாறினால் என்ன ஆகும்?

புதிய வாகன இன்சூரன்ஸ் நள்ளிரவு 12 மணிக்கு அமலுக்கு வருகிறது, விபத்து நடந்தது 2 மணிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். விபத்து வீடியோவின் மெட்டாடேட்டாவை யூடிசியில் படித்தால் முந்தைய நாள் இரவு 8.30. 'பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடியே விபத்து நடந்திருக்கே' என்று ஒருவர் சொல்லிவிடலாம். கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 22ஆவது பிரிவு. அந்த 24 மணியை ஒரு போட்டோவை வைத்து எண்ணும்போது, ஐந்தரை மணி தப்பு எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள்.

உலக அளவில் இது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு உதாரணம், சிரியாவின் கூட்டா பகுதியில் நடந்த ரசாயனத் தாக்குதல். 2013 ஆகஸ்ட் 21 விடிகாலையில் அது நடந்தது. உயிருக்குப் போராடியவர்களின் வீடியோக்கள் உடனே யூடியூபில் ஏறின. ஆனால் யூடியூபில் அவற்றின் தேதி ஆகஸ்ட் 20 என்று காட்டியது. 'சம்பவத்துக்கு முதல் நாளே வீடியோ வந்துவிட்டது, எல்லாம் நாடகம்' என்ற பிரசாரம் பரவியது. உண்மை என்ன? யூடியூப் தேதி போட்டது கலிஃபோர்னியா நேரப்படி. அந்த மாதத்தில் கலிஃபோர்னியா சிரியாவுக்குப் பத்து மணி நேரம் பின்னால் இருந்தது. சிரியாவில் ஆகஸ்ட் 21 காலை பத்து மணி ஆகும்வரை அங்கே ஆகஸ்ட் 20தான். சரின் நச்சு வாயு பயன்படுத்தப்பட்டதை ஐ.நா. ஆய்வுக் குழு அடுத்த மாதமே உறுதி செய்தது.

இங்கே தேதியை எழுதியது கேமரா இல்லை, யூடியூப். ஆனால் தப்பு ஒன்றேதான்: எந்த ஊர் நேரம் என்று கேட்காமலேயே நேரத்தைப் படித்தது. பொய்ப் படத்தை உண்மை என்று நம்புவதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். உண்மையான படத்தைப் பொய் என்று தூக்கி எறிவதும் அதே அளவு ஆபத்து. பாதிக்கப்பட்டவரின் கையில் இருக்கும் ஒரே சாட்சி அதில் போய்விடும்.

எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். நேர மண்டலத் தப்புக்கு ஓர் அடையாளம் உண்டு. கடிகாரம் மெல்ல ஓடியதால் வந்த தப்பு என்றால் 7 நிமிடம், 23 நிமிடம் என்று ஒழுங்கில்லாமல் இருக்கும். நேர மண்டலத் தப்பு அரை மணி, ஒரு மணிக் கணக்கில் கச்சிதமாக இருக்கும். அந்த எண்ணே எந்த ஊர் என்று சொல்லிவிடும்.

• மூன்றரை மணி கூடுதல் என்றால் ஜப்பான்.
• இரண்டரை மணி கூடுதல் என்றால் சிங்கப்பூர், மலேசியா அல்லது சீனா.
• ஒன்றரை மணி குறைவு என்றால் துபாய்.
• ஐந்தரை மணி குறைவு என்றால் யூடிசி, அல்லது குளிர்கால லண்டன். கோடையில் லண்டன் நாலரை மணி குறைவு.
• சரியாக 12 மணி வித்தியாசம் என்றால் ஊர் தப்பு இல்லை. யாரோ ஏஎம், பிஎம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

போட்டோவில் ஜிபிஎஸ் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. ஜிபிஎஸ் நேரம் செயற்கைக்கோளிலிருந்து வருவதால் எக்ஸிஃபில் அது தனியாக யூடிசியில் பதிவாகும். கேமரா நேரத்திலிருந்து ஜிபிஎஸ் நேரத்தைக் கழித்தால் கேமராக் கடிகாரம் எந்த மண்டலத்தில் இருந்தது என்று தெரிந்துவிடும். சிக்னல் இல்லாத இடத்தில் போன் கடைசியாகக் கிடைத்த ஜிபிஎஸ் நேரத்தையே எழுதியிருக்கலாம். அதனால் சில நிமிட வேறுபாட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இவை எதுவும் இல்லையென்றால் படத்தையே பாருங்கள். நிழலின் நீளமும் திசையும் மணியைச் சொல்லும். பின்னால் தெரியும் சுவர்க்கடிகாரம், ரயில் நிலையப் பலகை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகும் நேரம் எல்லாம் உதவும். காலை 6 மணி என்று சொல்லும் படத்தில் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடந்தால், கடிகாரத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வந்த படமாக இருந்தால்? அதில் இந்த வேலைக்கு வழியில்லை. வழக்கமான முறையில் போட்டோ அனுப்பும்போது வாட்ஸ்அப் எக்ஸிஃப் குறிப்பைக் கழற்றிவிடுகிறது. ஃபைல் பெயரில் இருக்கும் தேதி, படம் உங்கள் போனுக்கு வந்த தேதி. போன வருட வெள்ளப் படம் இன்றைய தேதியோடு வந்து நிற்பது இப்படித்தான். அசல் விவரம் வேண்டுமென்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

சரிசெய்யலாமா, கூடாதா?

குடும்ப ஆல்பம் என்றால் தாராளமாகச் சரிசெய்யுங்கள். கூகுள் போட்டோஸ், ஐபோனின் போட்டோஸ் ஆப் இரண்டிலுமே தேதி, நேரத்தோடு நேர மண்டலத்தையும் மாற்ற முடியும். நூற்றுக்கணக்கான படங்களை மொத்தமாக நகர்த்த 'எக்ஸிஃப்டூல்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. முதலில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, ஒரே ஒரு படத்தில் சோதித்துவிட்டு, பிறகு மொத்தத்தையும் மாற்றுங்கள். ஏற்கெனவே சரிசெய்த படத்துக்கு மறுபடி ஐந்தரையைக் கூட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தப்பு.

வெளிநாடு போகும்போதும், கல்யாணத்துக்கு இரண்டு மூன்று கேமரா வரும்போதும் எளிய வழி ஒன்று உண்டு. வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு கேமராவாலும் ஒரே போனின் கடிகாரத்தை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், நொடியோடு. எந்த கேமரா எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதற்கு அந்த ஒரு படமே போதும்.

ஆனால் படம் சாட்சியாகப் போகிறது என்றால், கை வைக்கவே வைக்காதீர்கள். நேரத்தை ஒரு நொடி மாற்றினாலும் ஃபைலின் 'ஹாஷ்' எண் மாறிவிடும். அது ஃபைலின் கைரேகை மாதிரி. மாறினால், 'படத்தைத் திருத்தியிருக்கிறார்கள்' என்று எதிர்த்தரப்பு சொல்லும். தப்பான நேரத்தோடு அசலை அப்படியே விட்டுவிட்டு, கேமராவின் கடிகாரம் இந்திய நேரத்திலிருந்து எவ்வளவு விலகியிருந்தது என்று தனியாக எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டு வையுங்கள்.

மாற வேண்டியது என்ன?

மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கட்டாயம் என்பதை உச்ச நீதிமன்றம் 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆவது பிரிவு, அந்தச் சான்றிதழுக்கு ஒரு படிவத்தையே தந்திருக்கிறது. கருவியின் மாடல், வரிசை எண், ஹாஷ் எண் எல்லாவற்றையும் அது கேட்கிறது. கையெழுத்திடும் நேரத்தை இந்திய நேரப்படி, 24 மணிக் கணக்கில் எழுதச் சொல்கிறது. நல்லது. ஆனால் படம் பதிவான கருவியின் கடிகாரம் எந்த நேர மண்டலத்தில் இருந்தது, இந்திய நேரத்திலிருந்து எவ்வளவு விலகியிருந்தது என்று கேட்கும் கட்டம் அதில் இல்லை. கையெழுத்து போட்ட நேரத்தைவிட சம்பவம் நடந்த நேரம் முக்கியம் இல்லையா?

ஒரே ஒரு வரியைச் சேர்த்தால் போதும். சிசிடிவி பதிவுகளை எடுக்கும் அனுபவமுள்ள புலனாய்வாளர்கள் இதை ஏற்கெனவே செய்கிறார்கள். டிவிஆர் காட்டும் நேரத்தையும் சரியான நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் குறித்துக்கொள்கிறார்கள். நல்ல அதிகாரி ஒருவரின் பழக்கமாக இருப்பது எல்லோருக்கும் விதியாக வேண்டும். போன், கேமரா, டிவிஆர் எதைக் கைப்பற்றினாலும் அதன் கடிகாரத்தை இந்திய நேரத்தோடு ஒப்பிட்டு எழுதுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இந்திய நேரத்தைப் பராமரிக்க டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம் இருக்கிறது. ஒப்பிட ஒரு நம்பகமான கடிகாரம் நாட்டில் இல்லாமல் இல்லை.

போட்டோவைக் கட்டாயமாக்கும் அரசுத் திட்டங்களும் இதற்குப் பொறுப்பேற்க வேண்டும். 'போட்டோவில் நேரம் ஒத்துவரவில்லை' என்று ஒருவரின் கூலியையோ உதவித்தொகையையோ நிறுத்தும் முன், தப்பு ஆளிடமா கருவியிடமா என்று பார்க்கும் கடமை அதிகாரியுடையது. போனுக்குள் நேர மண்டலம் எப்படிப் பதிவாகிறது என்று வயலில் நிற்பவர் வந்து நிரூபித்துக்கொண்டிருக்க முடியாது. கேமரா நிறுவனங்களும் புதிய தரம் வந்து இத்தனை ஆண்டுகள் கழித்து அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவதை நிறுத்த வேண்டும். செய்தி நிறுவனங்கள் ஒரு படத்தின் நேரத்தைச் சொல்லும்போது எந்த ஊர் நேரம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாங்கள் உட்பட.

உங்களிடம் கேமரா இருந்தால் இன்றே எடுத்து, செட்டிங்ஸில் நேர மண்டலத்தைப் பாருங்கள். சென்னை, டெல்லி, கொழும்பு என்று ஏதாவது ஓர் ஊர்ப் பெயரோ '+5:30' என்றோ இருக்க வேண்டும். டோக்கியோ என்றோ லண்டன் என்றோ இருந்தால் மாற்றிவிடுங்கள். மாற்றிய தேதியையும், அதுவரை எத்தனை மணி தள்ளியிருந்தது என்பதையும் ஒரு டைரியில் குறித்து வையுங்கள். அதுவரை எடுத்த படங்களை நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால், பதில் சொல்ல அந்த ஒரு வரி உதவும்.